மன்னார்ச் சலாபமும் உயிரியல் அறிவின் கோவையும்

ஒரு துறையிலே தேடிப் பெற்ற அறிவு தேடியவர் காலத்தோடு ஒழியாது பின்வருவார்க்கும் பயன்பட வேண்டுமாயின், அஃது எழுதப்பட்டிருத்தல் மாத்திரம் போதாது. எழுதப்பட்டது எளிதிற் காணப்படல் வேண்டும். காணப்பட்டது பிறர் எழுதியவற்றோடு பொருத்திப் பார்க்கத் தக்கதாதல் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்கு மன்னார்க் குடாக்கடலினும் சிறந்த எடுத்துக்காட்டு ஈழநாட்டிற் கிடைத்தல் அரிது. அக்கடலின் முத்துச்சிப்பியை விஞ்ஞான முறையில் ஆராயத் தொடங்கி நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவ்வாராய்ச்சியின் பயன்கள் பல நாடுகளில், பல நூல்களில், பல பெயர்களின் கீழ் நெடுங்காலம் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று தொடுக்கும் முறை அண்மைக் காலத்திலேதான் உலகில் உருவாயிற்று. உயிரியல் ஆராய்ச்சியாளர் இணைத்த திறந்த தரவு என வழங்கும் அம்முறையின் வரலாற்றையும், அது மன்னார்க் கரைக்கு ஆற்றக்கூடிய பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சலாபத்தின் ஏற்றமும் தாழ்வும்

மன்னார்க் குடாவின் முத்து மிகப் பழைய காலந்தொட்டே உலகறிந்த பொருள். கி. பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடற் செலவு நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகின்றது. 1344 ஆம் ஆண்டில் ஈழத்துக்கு வந்த இபுன் பதூதா என்னும் பிரயாணி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதையும் அவரிடமிருந்த முத்துக்களின் சிறப்பையும் எழுதி வைத்தார். 1560 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் அதனைத் தமதாக்கினர். 1795 இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. ஆட்சிகள் மாறினவாயினும் சலாபத்தின்மீது ஆள்வோர் கொண்ட நாட்டம் மாறவில்லை.

எனினும் சலாபம் ஆண்டுதோறும் பலன் தரும் விளைநிலமன்று. 1732 முதல் 1746 வரையும், பின்னர் 1768 முதல் 1796 வரையும் ஒல்லாந்தர்க்கு முத்துக்குளிப்பு வாய்க்கவில்லை. பிரித்தானியர் காலத்திலும் 1820 முதல் 1828 வரையும், 1837 முதல் 1854 வரையும் பார்கள் வறண்டு கிடந்தன. 1891 இன் பின் 1903 வரை மீண்டும் ஒரு வறட்சி நேர்ந்தது. கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகள் கிடந்ததாகப் பார்வையிட்டோர் குறித்த அதே பாரில், அடுத்த ஆண்டு ஒரு சிப்பிதானும் காணப்படாத நிலை பலமுறை ஏற்பட்டது. மீன்கள் தின்றனவோ, மணல் மூடியதோ, நீரோட்டம் வாரிச் சென்றதோ, அளவுமீறிய குளிப்பினால் அழிந்தனவோ என ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கூறினர். எது உண்மையென ஒருவரும் நிறுவினாரல்லர்.

கெலாட்டும் ஹேட்மனும்

இவ்வினாவை முதன்முதல் முறைப்படி ஆராய்ந்தவர் எட்வேட் பிரெடெரிக் கெலாட் என்பவர். 1819 ஆம் ஆண்டில் இலங்கையிலே பிறந்த இவர் படை மருத்துவராகப் பணிபுரிந்தவர். இலங்கை விலங்குகளைப் பற்றி 1852 இல் நூலொன்று வெளியிட்டவர். அரசாங்கத்தின் வேண்டுகோட்கிணங்கி 1857 அளவில் முத்துச்சிப்பியின் இயல்பை ஆராயத் தொடங்கினார். சிப்பி தன் நாரினாலே பாறையைப் பற்றியிருப்பினும் வேண்டும்போது அந்நாரை விடுத்து இடம்பெயர வல்லது என்பதை அவர் கண்டார். முத்தின் தோற்றத்துக்கும் சிப்பியினுள்ளே வாழும் புழுக்களுக்கும் தொடர்பிருக்கலாம் என்றுங் கருதினார். 1860 இல் அவர் காலமாகவே அம்முயற்சி இடையில் நின்றது. அவருடைய அறிக்கைகள் அரசாங்க ஆவணங்களாக அடங்கிப்போயின.

நாற்பதாண்டுகளின் பின்னர், லிவர்ப்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் ஹேட்மன் 1902 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தார். உதவியாளராக உடன்வந்தவர் ஜேம்ஸ் ஹோணெல். பார்களை நீராவிக் கப்பலிற் சென்று ஆராய்ந்தபின் ஹேட்மன் தம் நாடு திரும்ப, ஹோணெல் இங்குத் தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அதன் பயனாக 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக ஓர் அறிக்கையை இலண்டன் றோயல் சங்கம் வெளியிட்டது. அவ்வறிக்கை முத்துச்சிப்பியோடு நிற்கவில்லை. கடற்பஞ்சு, பவளம், கடலட்டை, நண்டு, புழு என மன்னார்க் குடாவின் உயிர்களையெல்லாம் அவ்வத்துறை வல்லுநர் தனித்தனியே ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் பலவும் அதில் இடம்பெற்றன. கடற்பஞ்சுகளைப் பற்றி ஆதர் டெண்டி எழுதியது 1905 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஹேட்மனின் ஆராய்ச்சியிலே பெரிய பாரைப் பற்றிய பகுதி தனிக் கவனத்துக்குரியது. முத்துக் குளிப்போர் அப்பாரைத் தாய்ப் பார் என மதித்தனர்; அங்கே பிறக்கும் இளஞ்சிப்பிகள் வளர்ந்து பிற பார்களுக்குச் செல்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. ஹேட்மன் முன்னைய பார்வையீட்டுக் குறிப்புக்களைத் தேடியெடுத்து ஒன்றாக நிரைப்படுத்தினார். 1880 முதல் பதினொரு முறைக்குக் குறையாமல் அப்பார் இளஞ்சிப்பிகளால் நிரம்பியிருந்தும், ஒரு முறையேனும் அது சலாபத்துக்கு உதவவில்லை என்பது புலனாயிற்று. பார் இருக்கும் இடத்தை நோக்கியபோது காரணமும் தெளிவாயிற்று. அதன் வெளிப்புறத்தே கடல் விரைந்து ஆழமாகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்துக்கு அது நேர்முகமாய்க் கிடக்கின்றது. ஆகவே அங்கு விழும் இளஞ்சிப்பிகள் முதிருமுன்னரே அழிகின்றன. அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு எடுத்துச் சென்று இடுதல் வேண்டுமென ஹேட்மன் முடிவு கூறினார்.

இம்முடிவு எவ்வாறு கிடைத்தது என்பதைச் சிந்தித்தல் தகும். குளிப்போரின் வாய்மொழியொன்று; பல ஆண்டுப் பார்வையீட்டுக் குறிப்புக்கள் சில; கடலாழ அளவுகள் சில; காற்றின் பருவ அறிவு ஒன்று. இவற்றுள் ஒன்றேனும் தனித்து நின்று விடை தரவில்லை. ஒருவர் ஒரே மேசைமீது இவற்றையெல்லாம் விரித்துப் பொருத்தியபோதே விடை பிறந்தது. இக்காலத்தார் தரவு ஒருங்கிணைப்பு எனக் கூறுவது இச்செயலையேயாம்.

1903 முதல் 1907 வரை சலாபம் மீண்டும் செழித்தது. மறிச்சுக்கட்டிக் கரையிலே கொட்டுக்களும் கடைத்தெருக்களும் கொண்ட தற்காலிக நகரமொன்று எழுந்தது. பின்னாளிலே புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்வ் இளம் அதிகாரியாக 1906 ஆம் ஆண்டுச் சலாபத்திற் கடமையாற்றினார். அதே ஆண்டில் பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்குத் தனியார் கம்பனியொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907 இன் பின்னர்ப் பார்கள் மறுபடியும் வறளவே, குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. 1925 இலும் 1958 இலும் நிகழ்ந்த சலாபங்கள் பழைய பெருமையின் எச்சங்களாயின.

சிதறிய ஏடுகள்

ஹேட்மனோடு ஒருங்குசேர்ந்த அறிவு அவருக்குப்பின் மீண்டும் சிதறியது. சேகரித்த உயிர்மாதிரிகள் பல இலண்டன் அரும்பொருட் சாலையை அடைந்தன. கெலாட்டின் அறிக்கை ஓரிடத்தில், பார்வையீட்டுக் குறிப்புக்கள் வேறோரிடத்தில், பிற்கால மீன்பிடித் திணைக்கள வெளியீடுகள் மற்றோரிடத்தில் இருந்தன. ஹோணெல் சென்னை மாகாண மீன்பிடித் துறைக்குச் சென்று, குடாவின் மேற்குக் கரைச் சங்கையும் முத்தையும் ஆராய்ந்து எழுதினார். கடல் ஒன்றேயாயினும் அதனைப் பற்றிய ஏடுகள் இரு நாடுகளின் ஏடுகளாய்ப் பிரிந்தன.

இடத்தின் பிரிவினும் பெயரின் பிரிவு பெரிய இடராயிற்று. ஹேட்மன் நமது சிப்பியை மாகரிட்டிபெரா வல்காரிஸ் என அழைத்தார். அமெரிக்க அறிஞர் கூல்ட் 1850 ஆம் ஆண்டிலேயே அவிக்குலா பியூக்காட்டா எனப் பெயரிட்டிருந்தார். யப்பானிலே இதன் நெருங்கிய இனத்தைப் பிங்டாடா மாட்டென்சி என வழங்கினர். பின்னர்ப் பிங்டாடா பியூக்காட்டா என்ற பெயர் நிலைபெற்றது. வேறு சிலர் அதனைப் பிங்டாடா இம்பிரிகாட்டா என்னும் இனத்தின் உட்பிரிவாகக் கொள்வர். ஒரு பெயரை மாத்திரம் அறிந்து தேடும் மாணவன் எஞ்சிய பெயர்களின் கீழ் எழுதப்பட்டவற்றையெல்லாம் இழப்பான்.

முத்தின் தோற்றம் பற்றிய கொள்கைக்கும் இதே கதி நேர்ந்தது. நாடாப்புழுவின் இளநிலையே மன்னார் முத்தின் கருவென ஹேட்மனும் ஹோணெலும் கொண்டனர். 1904 இல் ஷிப்லியும் ஹோணெலும் அப்புழுவுக்குப் பெயரிட்டனர். 1912 இல் லிஸ்டர் ஜேம்சன் அக்கொள்கையை மறுத்தார். சிப்பியின் மேலுறைத் தோலின் கலங்கள் உடலினுட் புகுந்து பையாகி முத்தைச் சுரக்கின்றன என்பதே பின்னர் நிலைபெற்ற கருத்து. புழு பிறிதொரு பேரினத்துக்கு மாற்றப்பட்டது. ஆயினும் பழைய நூலைக் கையிலெடுத்தவர்க்கு, அதன் முடிவு மறுக்கப்பட்டது என்பதை அறிவிக்கும் குறிப்பு ஒன்றும் அந்நூலில் இருத்தல் இயலாதன்றோ?

நிகண்டாசிரியர் கண்ட இரு இடர்கள்

அறிவைக் கோக்க முயல்வோர் எதிர்கொள்ளும் இடர்கள் இரண்டு. ஒரு பொருளுக்குப் பல பெயர் இருத்தல் ஒன்று. ஒரு பெயர் பல பொருளைக் குறித்தல் மற்றொன்று. தமிழ் நிகண்டாசிரியர் இவ்விரண்டையும் நன்குணர்ந்திருந்தனர். சூடாமணி நிகண்டிலே ஒரு சொற் பல்பொருளுக்கு ஒரு தொகுதி தனியே வகுக்கப்பட்டிருத்தலும், ஏனைத் தொகுதிகளுட் பெரும்பாலன ஒரு பொருளின் பல பெயரைத் தொகுத்துரைத்தலும் கற்றார் அறிவர்.

மன்னாரிலே பெருக்கமரம் எனப்படும் பெருமரம் தமிழகத்திலே பொந்தன்புளி எனவும் பப்பரப்புளி எனவும் வழங்கும். கடற்பசுவை ஆவுளியா என்பாரும் உளர். இவை முதலாம் இடருக்கு எடுத்துக்காட்டுக்கள். இரண்டாம் இடருக்குப் பார் என்னும் சொல்லே சான்று. அது நிலவுலகையுங் குறிக்கும். கடலடியிலுள்ள கற்றளத்தையுங் குறிக்கும். காண் என்னும் ஏவலுமாகும். தமிழறிந்தோன் இடம் நோக்கிப் பொருள் கொள்வான். எழுத்தை மாத்திரம் காணும் இயந்திரத்துக்கு அவ்வாற்றல் இல்லை.

ஊர்ப்பெயர்களும் அவ்வாறே. மன்னார்ப் பெருநிலப்பகுதியில் மாந்தை மேற்குப் பிரிவிலே பெரியமடு என்னும் ஊர் உளது. மடு என்பது நீர் ஆழ்ந்து நிற்குமிடம். மடு, இரணைமடு, பெரியமடு என இச்சொல் பயின்ற ஊர்ப்பெயர்கள் வடபகுதியில் பல. பெருங்குட்டம் உள்ள எவ்விடத்தும் பெரியமடு என்னும் பெயர் தோன்றுதல் இயல்பே. ஆகவே, பெரியமடு எனும் ஒரு சொல்லை மாத்திரம் தாங்கிய சீட்டோடு ஓர் அரும்பொருட் சாலையிலே செடியொன்றோ தவளையொன்றோ இருக்குமாயின், அஃது எவ்வூர்ப் பெரியமடுவில் எடுக்கப்பட்டது என்பதை எவர் துணிந்து கூறுவர்? மேலும் ஆங்கில எழுத்திலே மன்னாரையும் மறிச்சுக்கட்டியையும் காலந்தோறும் வெவ்வேறு விதமாக எழுதினர். ஒரு விதமாக எழுதித் தேடுவோன் மற்றவற்றைக் காணான். ஊரின் அகலக்கோடும் நெடுங்கோடும் குறிக்கப்பட்டு, என்றும் மாறாத அடையாளமொன்றும் அதற்கு அளிக்கப்படின், எழுத்து எவ்வாறு வேறுபடினும் இடம் வேறுபடாது.

உலகின் முயற்சி

உயிரியலின் தரவுகளைப் பொதுச் சொத்தாகத் திரட்டும் முயற்சி 1980 களில் வலுப்பெற்றது. 1980 இல் ஐரோப்பியர் செருமனியின் ஹைடெல்பேர்க் நகரிலும், 1982 இல் அமெரிக்கர் ஜென்பாங் என்ற பெயரிலும் மரபணு வரிசைகளுக்கான களஞ்சியங்களை நிறுவினர். யப்பானியரும் அப்பத்தாண்டிலேயே தமக்கென ஒன்றை அமைத்தனர். மூன்று களஞ்சியங்களும் தம்முள் தரவுகளைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டன. 1996 இல் பேர்மியூடாத் தீவிற் கூடிய அறிஞர், மனித மரபணுத்தொகையின் வரிசைகளை அறிந்த இருபத்துநான்கு மணி நேரத்துள் எல்லோர்க்கும் வெளியிடுதல் வேண்டுமெனத் தீர்மானித்தனர். அறிவைப் பூட்டி வைத்தல் ஆராய்ச்சிக்கே தீங்கு என்னும் கொள்கை இவ்வாறு வலிமை பெற்றது.

திரட்டியபின் மீண்டும் பெயரிடரே எதிர்ப்பட்டது. பழ ஈயை ஆராய்வோர் ஒரு மரபணுவின் தொழிலை ஒரு சொல்லாற் குறித்தனர்; நொதியத்தை ஆராய்வோர் அதே தொழிலைப் பிறிதொரு சொல்லாற் குறித்தனர்; எலியை ஆராய்வோர் மூன்றாவது சொல்லை ஆண்டனர். 1998 இல் இம்முத்திறத்தாரும் ஒன்றுகூடி, மரபணுத் தொழில்களுக்குப் பொதுவான சொற்றொகுதியொன்றை வகுக்கத் தொடங்கினர். ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் அளிக்கப்பட்டது. மொழியும் வழக்கும் மாறினும் எண் மாறாது. இதனை விஞ்ஞான உலகின் நிகண்டு எனல் பொருந்தும்.

இதனோடு வேறொரு கருத்தும் வந்து சேர்ந்தது. உலகளாவிய வலையை 1989 இல் திட்டமிட்ட ரிம் பேணேஸ் லீ, ஏடுகளை இணைப்பது போலவே ஏடுகளிலுள்ள செய்திகளையும் இணைத்தல் கூடும் என எண்ணினார். 2006 ஆம் ஆண்டில் அவர் அதற்கு நான்கு விதிகளை வகுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்த வலைமுகவரியைப் பெயராக அளித்தல். அம்முகவரி எவரும் சென்று பார்க்கத்தக்கதாய் இருத்தல். சென்று பார்ப்போர்க்குப் பொதுமுறையில் அமைந்த பயனுள்ள செய்தி கிடைத்தல். அச்செய்தி பிற பொருள்களின் முகவரிகளைச் சுட்டுதல் என்பன அவை.

செய்தியை அமைக்கும் முறை தமிழிலக்கணம் பயின்றார்க்கு எளிதில் விளங்கும். 1999 இல் வலை ஒன்றியம் ஏற்றுக்கொண்ட அம்முறையில், ஒவ்வொரு செய்தியும் மூவுறுப்புடைய சிறு வாக்கியமாகும். எழுவாய் ஒன்று, பயனிலை ஒன்று, செயப்படுபொருள் ஒன்று. ‘இம்மாதிரி இன்ன இனத்தைச் சேர்ந்தது’. ‘இம்மாதிரி இன்ன இடத்தில் எடுக்கப்பட்டது’. ‘இவ்வினம் இன்ன புரதத்தைச் சுரப்பது’. மூன்றுறுப்புக்களும் பெரும்பாலும் சொல்லாக அன்றி மாறாத முகவரியாக நிற்கும். ஒரு வாக்கியத்தின் செயப்படுபொருள் மற்றொரு வாக்கியத்தின் எழுவாயாகும்போது இரண்டும் தாமே கோவைப்படுகின்றன. ஒருவர் ஒருவரை அறியாத இரு நாட்டவர் எழுதிய வாக்கியங்களும், ஒரே முகவரியை ஆண்டிருப்பின், இவ்வாறு ஒன்றுபடும்.

உயிரியலார் இம்முறையை விரைந்து கைக்கொண்டனர். மருத்துவமும் உயிரியலும் பற்றிய தனிக்குழுவொன்றை வலை ஒன்றியம் 2005 இல் அமைத்தது. 2008 இல் கனடாவின் கியூபெக் நகர அறிஞர் பல தரவுத்தளங்களை இம்முறைக்கு மாற்றி ஒருங்கே வெளியிட்டனர். யப்பானில் 2007 இல் நிறுவப்பட்ட உயிர்விஞ்ஞானத் தரவுத்தள நிலையம், 2008 தொடக்கம் பன்னாட்டு நிரலாக்குநரை ஓரிடத்திற் கூட்டி இவ்விணைப்புப் பணியை வளர்த்தது. புரதங்களின் பெருங்களஞ்சியமான யூனிபுரொட் தன் தரவுகளை இம்முறையிலும் வெளியிடுகின்றது. உயிரினங்கள் காணப்பட்ட இடங்களைத் தொகுக்கும் உலக உயிர்ப்பல்வகைமைத் தகவல் நிலையம் 2001 இல் அமைக்கப்பட்டது. கடலுயிர்ப் பெயர்களின் உலகப் பதிவேடு 2007 இல் தோன்றியது. வழக்கிழந்த பெயர் ஒவ்வொன்றும் வழக்கிலுள்ள பெயரைச் சுட்டும் வகையில், பெயர்தோறும் ஓர் எண் அதில் உண்டு. பழைய உயிரியல் நூல்களைப் படியெடுத்து எவரும் கட்டணமின்றிப் படிக்க வைக்கும் பொது நூலகமொன்றும் அக்காலத்திலேயே எழுந்தது.

கோவையின் பயன்

மாகரிட்டிபெரா வல்காரிஸ் என்ற பெயரோடு ஹேட்மனின் அறிக்கையைப் படிக்கும் மாணவன் ஒருவனைக் கருதுவோம். அப்பெயரைப் பதிவேட்டிலே தேடின் இன்றைய பெயர் கிடைக்கும். அப்பெயரின் எண் அவனை மரபணுக் களஞ்சியத்துக்கு இட்டுச் செல்லும். அங்கே, யப்பானின் ஒக்கினாவாவிலுள்ள ஆராய்ச்சியாளர் 2012 இல் வெளியிட்ட முத்துச்சிப்பி மரபணுத்தொகையின் முதல் வரைவு உளது. ஏறக்குறைய இருபத்துமூவாயிரம் மரபணுக்கள் அதில் இனங்காணப்பட்டன. அவற்றிலிருந்து முத்தின் ஒளிப்படலத்தை ஆக்கும் புரதங்களுக்குச் செல்லலாம். குடாவின் மேற்குக் கரையிலே, தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973 இல் வளர்ப்பு முத்தை உண்டாக்கிய வரலாற்றுக்கும் அதே எண் வழியே செல்லலாம். ஒரு நூற்றாண்டு இடைவெளியும் மூன்று நாடுகளின் எல்லையும் ஒரு கோவையில் அடங்குகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒக்கினாவாவில் ஆராயப்பட்டது யப்பானியச் சிப்பி. அதுவும் மன்னார்ச் சிப்பியும் ஒரே இனமோ, ஓரினத்தின் இரு பிரிவுகளோ என்பது அறிஞரிடை வாதத்துக்குரியது. இரண்டும் ஒன்றேயென ஒருவர் ஆராயாது இணைத்துவிடின், அங்குப் பெற்ற முடிவுகள் யாவும் இங்குள்ள சிப்பிக்கும் உரியனவாய்த் தோன்றும். ஏட்டிற் செய்த பிழை ஓர் ஏட்டோடு நிற்கும். இணைப்பிற் செய்த பிழையோ இணைக்கப்பட்ட ஏடுகளிலெல்லாம் பரவும். ஆதலின் எதனை எவர் எச்சான்று கொண்டு இணைத்தார் என்பதும் உடன்பதியப்படல் வேண்டும். 2016 இல் வகுக்கப்பட்ட தரவு நெறிகளும் இதனையே வற்புறுத்துகின்றன. தரவு கண்டறியத்தக்கதாய், அணுகத்தக்கதாய், பிறவற்றோடு இயைவதாய், மீண்டும் பயன்கொள்ளத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பன அந்நெறிகள்.

திறத்தலின் நீதி

திறந்த தரவு எல்லோர்க்கும் சமமாகப் பயன்படுகின்றதா என்னும் வினாவும் எழும். களஞ்சியங்கள் செல்வ நாடுகளில் உள்ளன. அவற்றை ஆளும் கருவியும் பயிற்சியும் அங்கேயே மிகுதி. வறிய கரையின் உயிர்ச்செல்வமும் அக்கரையார் அறிவும் திறந்து வைக்கப்பட்டு, அவற்றின் ஊதியம் மாத்திரம் வேறிடஞ் சேருமாயின், அது பழைய சலாபத்தின் கதையேயாகும். மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன். முத்தை அணிந்தவன் மற்றொருவன். இக்குறையை நோக்கியே 2010 இல் யப்பானின் நகோயா நகரில் ஓர் உடன்படிக்கை எழுந்தது. 2014 இல் அது நடைமுறைக்கு வந்தது. உயிர்வளத்தை அளித்த நாட்டுக்கும் அதனைப் பேணிய மக்களுக்கும் பயனிற் பங்கு உண்டென்பது அதன் சாரம். திறத்தலும் பங்கிடுதலும் ஒருங்கு நடைபெறுதலே நீதியாகும்.

மன்னார்க் கரையின் கடமை

பெரியமடுவும் அதனையடுத்த விடத்தல்தீவும் போர்க்காலத்திலே பெருந்துன்பம் உற்ற ஊர்கள். 1990 ஆம் ஆண்டிலே வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2008 அளவிலே போர் மாந்தையினூடே சென்றபோது எஞ்சியோரும் இடம்பெயர்ந்தனர். ஓர் ஊரார் பெயரும்போது வீடும் வயலும் மாத்திரம் கைவிடப்படுவதில்லை. எக்களப்பில் எம்மீன் எப்பருவத்தில் வரும், எம்மரத்தின் பட்டை எந்நோய்க்கு ஆகும், எக்குளத்தில் எப்பறவை தங்கும் என்னும் அறிவும் பேணுவாரின்றிப் போகின்றது. முதியோர் சிலர் திரும்பாதொழியின் அவ்வறிவும் திரும்புவதில்லை.

விடத்தல் என்பது ஒரு முள்மரத்தின் பெயர். ஊர்ப்பெயரிலே மரப்பெயரும், மடுவின் பெயரிலே நீர்நிலையின் வடிவும் இவ்வாறு பொதிந்துள்ளன. 2016 இல் விடத்தல்தீவுக் கடலோரம் இயற்கை ஒதுக்ககமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இத்தகைய கரையில் எதனைக் காத்தல் வேண்டும், எத்தொழிலுக்கு எவ்விடத்தை விடலாம் என்னும் தீர்மானங்கள் எடுக்கப்படும்போது, கண்டற்காட்டைப் பற்றிய ஓர் அறிக்கை, மீனவர் கூறும் ஒரு செய்தி, ஹேட்மன் காலத்து ஒரு குறிப்பு, செய்ம்மதி எடுத்த ஒரு படம் ஆகியன ஒரே மேசைமீது விரிக்கப்படல் வேண்டும். அவை விரிக்கப்படாவிடின் உரத்துப் பேசுவோர் சொல்லே சான்றாகிவிடும்.

இப்பணியிலே தமிழ் மாணவர்க்குரிய பங்கு சிறிதன்று. உலகப் பதிவேடுகளில் விஞ்ஞானப் பெயர்கள் உள்ளன. ஆங்கிலப் பெயர்களும் பெரும்பாலும் உள்ளன. தமிழ்ப் பெயர்களோ அருகியே காணப்படுகின்றன. எனவே தமிழில் கேட்கப்படும் வினாவுக்கு அப்பதிவேடுகள் விடை தருதல் அரிதாகின்றது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 இல் அபிதான கோசம் என்னும் கலைக்களஞ்சியத்தைத் தனியொருவராக ஆக்கினார். 2005 இல் தோன்றிய நூலகம் நிறுவனம் ஈழத்து ஏடுகளைப் படியெடுத்து எவரும் படிக்க வைத்துள்ளது. அவ்வழியில் அடுத்த படி தெளிவானது. ஓர் ஊரின் மீன், மரம், பறவை, பார் ஆகியவற்றின் தமிழ்ப் பெயரைக் கேட்டறிந்து, அதனைக் கூறிய ஊரையும் காலத்தையும் குறித்து, உரிய இனத்தின் எண்ணோடு இணைத்தலே அது. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. கவனமும் நேர்மையும் வேண்டும்.

முடிவுரை

பெரிய பாரின் மறைபொருளை ஹேட்மன் கண்டது, பிறர் குறித்து வைத்தவற்றை அவர் ஒருங்கே நோக்கியமையால். தாய்ப் பார் எனக் கூறிய குளிப்போன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அவன் சொல்லும் அவ்வாராய்ச்சியில் ஓர் உறுப்பாயிற்று. முத்துக்கள் எத்துணைச் சிறந்தனவாயினும் நூலின்றிக் கோவையாதல் இல்லை. தமிழிலே நூல் என்பது இழைக்கும் ஏட்டுக்கும் பொதுப்பெயர். இவ்வொரு சொல் இரு பொருளையும் தாங்கி நிற்பது போலவே, ஏடுகளும் இழையாகிப் பிற ஏடுகளைத் தொடுக்குங் காலம் வந்துளது. அக்கோவையிலே மன்னார்க் கடலின் உயிர்கள் தம் தமிழ்ப் பெயரோடு இடம்பெறுமோ, பெயரின்றி இடம்பெறுமோ என்பது இக்கரையின் மாணவர் கையில் உள்ளது.